மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள்

வார்டன் அம்மா, நீங்கள் பொய் சொன்னீர்கள். "உன்னைப் பார்க்க ஒருத்தரும் வரலை" என்று என்னிடம் சொன்னது பொய்.

தேயிலை விலை விழுந்து கூடலூர் மலையில், ஓவேலியில் நாங்கள் கூலி வேலை செய்த எஸ்டேட் மூடிக் கிடந்த காலம். பழங்குடிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று கீழேயிருந்து ஜீப் வந்தது. என் அப்பாவும் அம்மாவும் சரி என்று சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் உங்கள் விடுதியில் என்னைக் கொண்டுபோய் இறக்கினார்கள். முடியை வெட்டினீர்கள். எங்கள் பேச்சைப் பேசினால் முட்டி போட வைத்தீர்கள். சோறும் போட்டீர்கள், எழுத்தும் சொல்லிக் கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகளுக்கு ஆள் வரும். எனக்கு வராது. விட்டுவிட்டார்கள் என்று நம்பினேன்.

எங்கள் ஆட்கள் அடுத்தவர் வாசலில் நின்று கூப்பிட மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். வீட்டுக்காரர் பார்த்து வெளியே வரவேண்டும். வராவிட்டால் இன்று அவருக்குத் தோதில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். விடுதிக்கு எதிரே வேப்பமரத்தடியில் என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வாட்ச்மேன் கேட்டாராம்:

"ஏனுங்க, பஸ்ஸுக்குங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னத்துக்குங்க?"

"வந்தோம்ங்க."

சாயங்காலம்வரை இருந்துவிட்டு மலையேறிவிடுவார்கள். பிறகு மறுபடி வருவார்கள்.

ஒருநாள் விறகு லாரிக்காகக் கேட்டைத் திறந்திருந்தார்கள். மரத்தடியில் அப்பாவையும் அம்மாவையும் பார்த்துவிட்டு அவர்களிடம் ஓடினேன். பின்னாலேயே வந்த நீங்கள் அப்பாவிடம் கேட்டீர்கள்: "இன்னைக்கும் வந்து உக்காந்துட்டீங்களா?"

இன்னைக்கும்! அப்படியானால் உங்களுக்கு எல்லாம் தெரியும். அப்பாவின் கையைப் பிடித்தேன். நீங்கள் கத்தினீர்கள். ஓவேலி வந்து சேரும்வரை நான் கையை விடவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். என் பிள்ளைகள் கூடலூரில் படிக்கிறார்கள், சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அம்மா அப்பாவைச் சீண்டுவது மட்டும் ஓயவில்லை.

"பன்னி கெழங்கு தோண்ட வந்தா மலையே அதிரக் கத்துற. பெத்த மோளைக் கூப்புட வாய் வரல."

"நீ கூப்புட வேண்டியதுதானே?"

"நான் கூப்புட்டிருந்தா அந்த வார்டனையும் சேத்தில்ல ஜீப்புல ஏத்திட்டு வந்திருப்பேன்!"

மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் போன் வந்தது. ஆண்டுவிழாவுக்கு வரச் சொன்னீர்கள், மலைப் பிள்ளைகளைத் தாயாக இருந்து வளர்த்ததற்காக உங்களுக்குப் பாராட்டாம். வருகிறேன். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை மரத்தடியில் இல்லை, முதல் வரிசையில் உட்காருவோம். மாலை போடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: இவர்கள் வந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தும், யாரும் வரவில்லை என்று என்னிடம் ஏன் சொன்னீர்கள்?