உள்பக்கம் மட்டும் கொக்கி

செம்பாக்கம் ஏரியை ஒட்டிக் குடியிருக்கிற எங்களுக்கு மாலை ஆறு மணி என்றால் கொசு நேரம். கடிகாரம் பார்க்கவே வேண்டாம். எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்கும். ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிய கையோடு நானும் பால்கனியின் கொசுவலைக் கதவைச் சாத்திவிடுவேன்.

அந்தக் கதவுக்குத்தான் போன மழைக்காலத்தில் கைப்பிடி உடைந்தது. பக்கவாட்டில் நகர்கிற அலுமினியக் கதவு. கொக்கி விழாததால் காற்றடித்தால் தானாக இரண்டு விரல் அளவு திறந்துகொள்ளும். அம்மா போன பிறகு என்னோடு வந்து இருந்த அப்பாவுக்குச் சாயங்காலம் முழுக்கப் பால்கனிதான். மூலையில் நாற்காலி போட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வரும்போது கதவைச் சாத்த மறந்துவிடுவார். நான் கத்துவேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை கொசுவலைக்காரரை வரவழைத்தேன். கதவைப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளயும் வெளியவும் தொறக்கிற மாதிரி ஹேண்டில் கீது. இப்ப கைல இல்ல. அடுத்த வாரம் எடுத்தாந்து போட்டுர்றேன்" என்றார்.

"அதுவரைக்கும் யார் கடி வாங்குறது? இருக்கிறதையே போடுங்க."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் தொறக்கிறதாவே போடச் சொல்லேம்மா. ஒரு வாரந்தானே."

"ரெண்டாவது மாடிப்பா. வெளியில இருந்து யார் தொறக்கப் போறா? குரங்கா?"

கொசுவலைக்காரர் சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். உள்பக்கம் மட்டும் கொக்கி வைத்த கைப்பிடி அன்றைக்கே ஏறியது. வெளிப்பக்கம் வெறும் அலுமினியம், விரல் வைக்கக்கூட இடமில்லை.

நாலு நாள் கழித்து ஒரு காலையில் பார்த்தால் கதவு மறுபடியும் பாதி திறந்து கிடக்கிறது. "எத்தனை தடவை சொல்றதுப்பா? உங்க பின்னாடியே நான் கதவு சாத்திக்கிட்டே திரியணுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

சாயங்காலம் வந்தபோது காதில் போன், தோழியோடு ஊர்க்கதை. வழக்கம்போல் கதவை இழுத்துக் கொக்கியைப் போட்டேன். பால்கனிக் கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சமையலில் இறங்கிவிட்டேன். ஏழரை மணிக்குத்தான் வாசலில் அவர் செருப்பு கிடப்பதைக் கவனித்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்து போர்வையை விலக்கினால், வேட்டியைப் பாதம் வரை இழுத்து மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாக.

"ஏம்ப்பா கூப்பிடல? வலைதானே, ஒரு குரல் கொடுத்தா கேட்டிருக்குமே!"

"கோவமா இருந்தியேம்மா. ஆறினதும் நீயே தொறப்பேன்னு இருந்தேன்."

ஒன்றரை மணி நேரம்! நான் போனில் சிரித்தது, குக்கர் வைத்தது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். பெற்ற மகள் தன்னை வெளியே வைத்துக் கொக்கி போட்டுவிட்டாள் என்றே நம்பியிருக்கிறார். மகன் வீடாக இருந்திருந்தால் தட்டி ஊரையே கூட்டியிருப்பார். மகள் வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார்.

அப்போதாவது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பாவி, சொன்னேனா? "இப்படியா உக்காந்திருப்பாங்க? டெங்கு வந்தா யார் பாக்குறது?" என்று அதற்கும் கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன். அவர் காதில் அது எப்படி விழுந்ததோ.

அடுத்த வாரமே வண்டலூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வரேம்மா" என்றார். நாலு மாதம் ஆகிறது. போனில் நன்றாகத்தான் பேசுகிறார். வருகிற பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

நேற்று அதே கொசுவலைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் திறக்கிற கைப்பிடியைப் போட்டேன். "அப்பவே சொன்னேன்ல அக்கா" என்றார். "ஆமா" என்று ஒத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன். அவர் போனதும் பால்கனியில் நின்று கதவைச் சாத்தினேன். கொக்கி தானாக விழுந்தது. வெளிக் கைப்பிடியை அழுத்தினேன், திறந்துகொண்டது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பால்கனிக் கதவுக்குப் புதுக் கைப்பிடி போட்டிருக்கேன். வெளியில இருந்தும் தொறக்கலாம். அன்னைக்கு நீங்க அங்க இருந்தது எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. வந்துடுங்கப்பா."

"நல்லதும்மா" என்றார். பிறகு, "மணி ஆறாச்சு பாரு. போய்க் கதவைச் சாத்து. கொசு வந்துரும்."

கொடியில் கிடந்த போர்வையை விலக்கி, நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன்.