பென்சிலில் எழுதாத எண்கள்

கடற்புல்லைப் பற்றிப் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவேன். என் வாய் அப்படி. போன மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலும் பேசினேன். கடலுக்கடியில் வயல்போல் விரிந்து கிடக்கும் புல், கார்பனை இழுத்து வேருக்கடியில் சேற்றில் புதைத்து வைக்கிறது. இழுவலையில் அந்தப் புல் பிய்ந்துபோனால் புதைத்தது திரும்ப வெளியேறத் தொடங்கும் என்று. ஒரு மாணவி எழுந்து, "சேத்துல எவ்ளோ கார்பன் இருக்குன்னு எப்படி மிஸ் அளப்பீங்க?" என்று கேட்டாள். பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சேற்றைக் காயவைத்துப் பொடித்து, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடை பார்க்க வேண்டும். ஃபர்னஸ் என்கிற மின் உலையில் வைத்து எரித்து, ஆறியதும் மறுபடி எடை. எவ்வளவு குறைந்ததோ அதை வைத்துக் கார்பனைக் கணக்கிடுவோம். எல்லாக் கிண்ணமும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. அதனால் ஒவ்வொன்றிலும் எண் எழுதுவோம். பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை அந்தச் சூட்டில் காணாமல் போய்விடும். அடையாறு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம் இது.

என் ஆராய்ச்சிச் சேற்றை எரிக்க வைத்த அன்றைக்குப் பென்சில் கைக்குக் கிடைக்கவில்லை. தேடச் சோம்பல். மேசையில் மார்க்கர் கிடந்தது, அதில் எழுதிவிட்டேன். திமிர்தான், வேறென்ன.

கிண்ணங்களை ஃபர்னஸில் வைத்தது அக்கா. ஆய்வுக்கூடத்தில் கழுவுவது, துடைப்பது, அடுக்குவது எல்லாம் அவர்தான். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த அவர் வீட்டை இடித்துவிட்டு, பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பார். இந்த வேலையை விட்டால் தனக்கு வேறு போக்கில்லை என்று அடிக்கடி சொல்வார்.

மறுநாள் காலை ஃபர்னஸைத் திறந்தால் அத்தனையும் மொட்டை வெள்ளை. ஒரு எண் இல்லை. தொண்டிப் பக்கம் கடலில் முங்கி எடுத்த சேறு அது. மழைக்காலம் தொடங்கிவிட்டது, இனி இப்போதைக்குப் படகு போகாது.

என் வழிகாட்டியான சார் வந்து பார்த்தார். "பென்சில் எழுத்து எப்படிம்மா அழியும்? யாராவது கை வெச்சாங்களா?"

"அக்காதான் சார் உள்ள வெச்சாங்க" என்றேன்.

பாருங்கள், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அப்படி யோசித்து யோசித்துச் சொன்னேன் பாவி.

சார் அக்கா பக்கம் திரும்பினார். "துடைச்சிட்டீங்களாம்மா?"

அக்கா ஈரக் கையோடு வந்தார். "தொடைக்கல சார். தட்டுல கீற மாரியே வரிசையா வெச்சேன். பின்னாலருந்து முன்னால." சார் கிண்ணங்களையே பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "அயுக்குன்னு நெனச்சு கை பட்ச்சோ இன்னாவோ, தெர்ல சார்."

என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டினேன்.

திங்கட்கிழமை முதல் அவர் வரவில்லை. ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரரிடம் சார் ஒரு வார்த்தை சொன்னாராம். அவ்வளவுதான்.

புதன்கிழமை எனக்குப் புத்தி வந்தது. கிண்ணத்தில் எண் இல்லாவிட்டால் என்ன, சேறு போடுமுன் எடுத்த காலிக் கிண்ணங்களின் எடை என் நோட்டில் இருக்கிறதே. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எடையில் எல்லாம் வேறு வேறு. ஃபர்னஸில் இருந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, சாம்பலோடு எடை பார்த்து, சாம்பலைக் கொட்டி, காலியாக எடை பார்த்து நோட்டோடு ஒப்பிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. பின்னாலிருந்து முன்னால், கடைசிக் கிண்ணம் வரை அக்கா சொன்ன அதே வரிசை. ஒன்றுகூட மாறவில்லை.

சாரிடம் ஓடினேன். "கெட்டிக்காரி" என்றார். மார்க்கரில் எழுதியது நான், அக்காவைக் கூப்பிடுங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் சார்" என்றுதான் வந்தது. சீ, நானும் ஒரு மனுஷி. அந்த எடைகளை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன்.

இந்தத் தீபாவளிக்கு முன்னால் தி. நகரில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். மாடிப்படியில் சீருடை போட்ட ஒருவர் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் கால் வைக்கலாமா என்று நின்றேன். நிமிர்ந்தார். அக்கா. அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

"அட, நம்ம புல்லு பாப்பா" என்று சிரித்தார். ஆய்வுக்கூடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "நல்லா கீறியா?"

"இருக்கேன்க்கா. நீங்க?"

"கீறேன். நாள் பூரா நின்னுக்கினே கீறதுல காலுதான் வீங்கிப் பூடுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த சேறு வீணாப் பூட்ச்சே, உன் படிப்பு ஒண்ணும் கெட்டுப் போவலியே? நான்தான் தெரியாம தொடச்சிட்டேன் போல. உன்னாண்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கினே இருந்தேன்."

பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள்.

"பரவால்லக்கா, விடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனேன்.