பொத்திய கை

அரிப்புக் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரின் பேச்சு எனக்கு ஏறியதிலிருந்தே பிடிக்கவில்லை. பருத்த உடம்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு. கனடாவிலிருந்து வந்திருந்தார். போர் முடிந்து மீள்குடியேறிய சனம் தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே புழுங்கிக் கிடக்க, இவருக்குப் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிதான் கவலை.

"ஐஞ்சு சிநேகிதர் காட்டுக்குள்ளை ஒருத்தர் பின்னாலை ஒருத்தராய் ஓடுவம் ஐயா. பனி விழ இன்னும் ஐஞ்சு மாதம் கிடக்கு. பொறுக்கேலாமல் கிடக்கு."

என் வீட்டில் மிஞ்சியது பதினேழு ஓடுகள்.

எதிரே ஆமி ட்ரக் வந்தது. மனிதர் சன்னலுக்கு வெளியே கையைப் பொத்தி உயர்த்தினார். நான் பாய்ந்து இழுத்தேன்.

"உமக்கென்ன விசரோ? இந்த முப்பத்திரண்டு பேரையும் இறக்கி விசாரிப்பாங்கள்!"

"பழக்கதோசம் ஐயா, குறை நினையாதேங்கோ. பின்னாலை எத்தினை பேர் வருகினம் எண்டு எதிரே வாறவைக்கு விரலாலை காட்டுறது. நான் எப்பவும் கடைசி. கையைப் பொத்தினால், எனக்குப் பின்னாலை ஆளில்லை எண்டு அர்த்தம்."

"இது கனடாக் காடில்லை. கையை மடியிலை வையும்."

அரிப்பில் அவர் இறங்கியபோது சந்தி வெறுமையாக இருந்தது.

"உங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ அண்ணை?" என்று நடத்துநர் கேட்டார்.

அவர் கையைப் பொத்தி உயர்த்தினார்.

நடத்துநருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அப்போதும் அவர்மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. ஏன் குறையவில்லை என்றுதான் இன்னும் தெரியவில்லை.