இரவல் போன தங்கக் கார்ட்

என் மனைவி கைபேசியில் கார்ட் விளையாடிக் காசு சம்பாதிக்கிறாள் என்று சொன்னால், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்களைத் தெரிந்தவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பாவம் மனிசன் என்று நினைக்கிறார்களாக்கும். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்தேன்.

அப்போது அவள் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தாள். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். கூட வேலை செய்யும் ஒரு பிரேசில்காரி இந்த விளையாட்டைப் பழக்கிவிட, தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் போய்வரும் நேரமெல்லாம் அவளுக்கு இதே வேலையாகிப் போனது.

விளையாட்டு இதுதான். நாகம், பூதம், வில்லாளி என்று படம் போட்ட கார்டுகளைக் கைபேசியிலேயே காசு கொடுத்து வாங்க வேண்டும். அவற்றை வரிசையில் நிறுத்திவிட்டால் எதிராளியின் கார்டுகளோடு தாமாக மோதிக்கொள்ளும். வென்றால் விளையாட்டு நாணயம் கிடைக்கும், அதை யூரோவாக மாற்றலாம். கார்டுகள் பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பேரேட்டில் வாங்கியவரின் கணக்கிலேயே பதிவாகி இருப்பதால் அவற்றை விற்கலாம், வாடகைக்கு விடலாம், இரவலும் கொடுக்கலாம்.

"படத்துக்கு வாடகையோ? எடுக்கிறவனுக்கு விசர், குடுக்கிறவளுக்கு வெக்கமில்லை" என்றேன்.

"நீங்கள் கிழமைக்குக் கிழமை லொட்டோ போடேக்க நான் ஏதும் சொன்னனானோ?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு கார்டும் இரண்டு விதத்தில் வரும். ஒன்று சாதாரணம், மற்றது தங்க விளிம்பு போட்டது. சண்டையில் இரண்டுக்கும் ஒரே பலம், விலை மட்டும் பல மடங்கு. புத்தியுள்ளவர்கள் சாதாரண கார்டுகளை வாங்கிப் படை திரட்டினார்கள். இவள் யாழ்ப்பாணத்துப் பெண்ணல்லவா, தங்கத்தைத்தான் வாங்கினாள். "பொன் எண்டாப் பொன்தான். இறங்கினாலும் ஏறும்." அது பொன்னில்லை, மஞ்சள் கோடு என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டாளா? ஒரே கார்டின் பல பிரதிகளைச் சேர்த்தால் பலம் கூடிய ஒரே கார்டாகும். பழைய காப்புகளை உருக்கிச் சங்கிலி செய்கிற பழக்கம் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு இரத்தத்தில் ஊறியது. தன்னிடமிருந்த தங்க நாகங்களையெல்லாம் ஒன்றாக்கி ஒரு பெரிய நாகம் செய்துவிட்டாள். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்க ஏலாது என்பது பிறகுதான் அவளுக்கு விளங்கியது. சங்கிலி என்றால் ஒரு துண்டை வெட்டி விற்கலாம். இந்த நாகத்தை விற்பதென்றால் முழுதாகத்தான் விற்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சந்தை விழுந்து சாதாரண கார்டுகள் கீரை விலைக்குப் போனபோதும், அவளுடைய நாகத்தை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அது கெட்டித்தனமா, குருட்டு அதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் கெட்டித்தனம் என்பாள்.

இந்த நேரத்தில் நல்ல வேலை ஒன்று வந்தது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. சம்பளம் கூட, முதுகு முறிவதும் குறைவு. ஆனால் கார் ஓட்ட வேண்டும். இலையுதிர் காலத்துக்குள் ஃபியூரர்ஷைன் என்கிற ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால் வேலை உங்களுக்குத்தான் என்று அங்கிருந்த மேலாளர் சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் அதை எடுப்பது ஒரு சின்னக் கலியாணச் செலவு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உம்மட நாகத்திட்டக் கேளுமன்" என்றேன்.

"ஓம், அதிட்டத்தான் கேக்கப்போறன். உங்கட காசில ஒரு சதமும் எனக்கு வேண்டாம்."

விளையாட்டாகச் சொன்னது வினையாகிவிட்டது. வந்த வாடகைக் காசிலேயே அவள் எழுத்துப் பரீட்சைக்குக் கட்டினாள். ஜெர்மன் மொழியிலேயே எழுதி முதல் தடவையிலேயே தேறினாள். நான் இரண்டாம் தடவையில் தேறியவன் என்பதை அன்றைக்கு இரண்டு தரம் நினைவூட்டினாள்.

ஓட்டும் பாடங்கள் பாதியில் இருக்கும்போது அந்த விளையாட்டில் ஒரு பெரிய போட்டி வந்தது. அதற்கு நாகக் கார்ட்தான் உயிர் என்றாகி, விலை ஏறு ஏறென்று ஏறியது. விற்றால் மீதிப் பாடங்களுக்கும் பரீட்சைக்கும் காணும். ஆனால் நாகம் அவளிடம் இல்லை. தான் சேர்ந்திருந்த விளையாட்டுக் குழுவில் பிலிப்பைன்ஸிலிருந்து விளையாடும் ஒரு பெண்ணுக்கு, போட்டி முடியும்வரை வாடகை இல்லாமல் இரவல் கொடுத்திருந்தாள். அந்தக் குழுவில் எல்லாரும் இவளை 'அக்கா' என்றுதான் அழைப்பார்கள். அதுதான் அவள் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள்.

"ஒரு தட்டுத் தட்டினால் கார்ட் திரும்பி வந்திடும் எண்டு நீர்தானே சொன்னனீர். எடுத்து வித்துப்போடும்" என்றேன்.

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"இரவல் குடுத்த நகையை மணவறையில வச்சுக் கழட்டி வாங்கிறதோ? போட்டி முடியட்டும்."

"அவள் ஆர் உமக்கு? முகத்தையாவது கண்டனீரோ?"

அவள் சுவரில் மாட்டியிருந்த எங்கள் கலியாணப் படத்தைக் காட்டினாள். "உதில நான் போட்டிருக்கிற அட்டியல் ஆரின்ர எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. இத்தனை வருடமாகப் பார்க்கிற படம். அதில் அவள் வடிவாக இருக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"எசன் நகரத்தில இருக்கிற அக்கான்ர. நான் வெறுங்கழுத்தோட இந்த நாட்டுக்கு வந்து இறங்கின நேரம். அவ அதுக்கு முதல் என்ர முகத்தைக் கண்டதில்லை. ஆரோ சொல்லக் கேட்டு இரவலாத் தந்துவிட்டவ."

அப்போதும் என் கோபம் அடங்கவில்லை.

அவர்கள் குழு அரையிறுதியில் தோற்றது. தோற்ற கையோடு பிலிப்பைன்ஸ்காரி கார்டைத் திருப்பி அனுப்பி, அழுகிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள். மனைவி விற்கப் போனபோது விளையாட்டை நடத்துகிறவர்கள் புதிய கார்டுகளை இறக்கியிருந்தார்கள். எல்லாரும் பழையதை விற்றுப் புதியதை வாங்க ஓடியதில் நாகத்தின் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. கிடைத்ததற்கு விற்றாள். அந்தக் காசு முடிந்ததும் பாடங்களும் நின்றன. இலையுதிர் காலம் வந்தது, வேலை வேறொருவருக்குப் போனது.

மீதிப் பாடங்களுக்கென்று நான் என் காசை மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த நாள் காலை மறுபடியும் தொங்கு ரயிலில் ஏறி, மிஞ்சியிருந்த சின்னக் கார்டுகளோடு தொடங்கினாள். ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விளையாட்டின் விதிகள் நாளுக்கு நாள் மாறும்; நாளைய சண்டைகளுக்கு என்ன விதி, அதற்கு எந்தக் கார்டைத் தேடுவார்கள் என்று பார்த்து, மற்றவர்கள் விழித்துக்கொள்ள முன்னமே அதை வாடகைக்குப் போட்டாள். இவ்வளவு மூளை வீட்டில் இருந்தும் நான் லொட்டோவில் காசைக் கொட்டுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வசந்தத்தில் ஃபியூரர்ஷைன் எடுத்தாள், என் சதம் ஒன்றும் இல்லாமல். அதே மாதிரி வேலை இன்னோர் இடத்தில் கிடைத்தது.

அவள் கார் ஓட்டிப் போன முதல் நெடும் பயணம் எசனுக்கு, அந்த அக்கா வீட்டுக்கு. நான் பக்கத்தில் இருந்து, அவள் சொன்ன பிறகுதான் பெல்ட்டைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குறை சொல்லாமல் வந்தேன். தேநீர் குடிக்கும்போது கேட்டேன்.

"அக்கா, எங்கட கலியாணத்துக்குக் குடுத்த அட்டியலை ஒருக்காக் காட்டுங்கோவன்."

"அதெங்க தம்பி இருக்கு! உங்கட கலியாணம் முடிஞ்ச கையோட வித்திட்டன். என்ர தம்பி கொழும்பில, வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்ட வழியில்லாமல் நிண்டவன். அதை விக்கவெண்டு எடுத்து வச்ச நேரந்தான் உங்கட கலியாணத்துக்கெண்டு ஆரோ வந்து கேட்டவை."

மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கும் இது தெரியாது. அவளே கேட்டாள்.

"அப்ப ஏன் அக்கா எங்களிட்டச் சொல்லேல்லை?"

"கலியாணப் பொம்பிளையின்ர கழுத்துக்கெண்டு கேட்டது. எப்பிடி இல்லையெண்டுறது? அவன் அந்த முறை போகேலாமல் நிண்டு, அடுத்த முறைதான் போனவன். இப்ப கனடாவில பேரப்பிள்ளையும் கண்டிட்டான். பலகாரத்தை எடுங்கோ."

திரும்பும்போது, அவள் சொல்லாமலே நான் பெல்ட்டைப் போட்டேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் சொன்னேன்: "அண்டைக்கு நீர் அந்தக் கார்டைத் திருப்பி எடுக்காதது நல்லது."

"ஓடேக்க கதை குடுக்காதேங்கோ" என்றாள்.

அவள் கண் கலங்கியிருந்தது. கார் நேராகத்தான் போனது.