பெல்ஜியம் பியரும் என் கையிலிருந்த திறப்பும்

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடைகாலம். நான் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவியும் மகளும் மன்னாரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்து நெடுநாளாகியும் பதில் இல்லை. எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களை அரசாங்க மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிற்பாடு நாடே அறிந்த கதை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் தபால்பெட்டிதான்.

என்னோடு வேலை செய்த மூன்று டேனிஷ்காரர், விடுமுறைக்கு பெல்ஜியம் போகத் திட்டமிட்டார்கள். அங்கே விதவிதமான பியர் குடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதற்குக் குடிக்காத சாரதி ஒருவர் தேவை. நான் அப்போதுதான் கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருந்தேன். குடிப்பதும் இல்லை. குடும்பம் வந்து சேரும்வரை என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழக்கூடாது என்ற பிடிவாதம்.

"உனக்கென்ன விசரே? இவங்களோட போய் ஏதும் பிரச்சினையில மாட்டினா, மனிசி இஞ்ச வந்த மாதிரித்தான்," என்றார் என் அறையில் இருந்த அண்ணை.

"ஒரு துளி தொடமாட்டன் அண்ணை. ஒரு கிழமைக்காவது அந்தத் தபால்பெட்டியைப் பாக்காமல் இருக்கப்போறன்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பெல்ஜியத்தில் நான் கண்டது நான் நினைத்த குடி அல்ல. குடும்பம் குடும்பமாக வந்து, சாப்பாட்டோடு ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பியருக்கும் தனிக் கிளாஸ். ஒன்று செர்ரிப் பழத்தில் செய்த சிவப்பு, புளிக்குமாம். இன்னொன்று கறுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் பனங்கட்டி காய்ச்சும் மணம். கலங்கிய வெள்ளை நிறத்தில் வந்ததை மணந்ததும் திகைத்துப்போனேன். தடிமன் காய்ச்சல் வந்தால் வீட்டில் அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணீரின் வாசம்! கடைக்கார அம்மாவிடம் சைகையில் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு கை கொத்தமல்லி விதையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். அப்போதும் நான் வாயில் வைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு, கிளாஸ் வரும்போதெல்லாம் முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். நான் மணந்து சொல்வேன், அவர்கள் குடிப்பார்கள்.

திரும்பும் வழியில் ஜெர்மனியில் சாப்பிட நிறுத்தியபோதுதான் காரின் பின்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். கூடாரத் துணிகளுக்கும் போர்வைகளுக்கும் அடியில் பெட்டி பெட்டியாக பியர். டென்மார்க்குக்குள் ஆளுக்கு இவ்வளவுதான் கொண்டுபோகலாம் என்ற அளவை அது எங்கேயோ தாண்டியிருந்தது.

"எல்லாரும் செய்யிறதுதான். பேசாமல் ஓட்டு," என்றார் காரின் சொந்தக்காரர். தாடிக்காரர், பெரிய மனுசன்.

கொஞ்சத் தூரம் ஓட்டினேன். அகதிகள் ஜெர்மன்-டேனிஷ் எல்லையால் வந்துகொண்டிருந்த காலம் அது. என் நிறத்தைப் பார்த்தாலே காரை ஓரங்கட்டச் சொல்வார்கள். பிடிபட்டால் அவர்களுக்குத் தண்டம். எனக்கு? எல்லையோர ஊரான ஃபிளென்ஸ்பூர்க்கை நெருங்கியதும் தெருவோரத் தரிப்பிடத்தில் திருப்பி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை உருவிக் கையில் பொத்திக்கொண்டேன்.

முதலில் சிரித்தார்கள். பிறகு தாடிக்காரருக்குக் கோபம் ஏறியது. "என்ர கார். திறப்பைத் தா!"

"நீங்கள் மூண்டு பேரும் குடிச்சிருக்கிறியள். தரமாட்டன்."

"அப்ப இஞ்சயே இறங்கு. பஸ் பிடிச்சு வா!"

எனக்குத் தெரிந்த டேனிஷ் சொற்களைப் பொறுக்கியெடுத்துச் சொன்னேன்: "இந்தக் காருக்குள்ள நாங்கள் நாலு பேர் மட்டுமில்லை. என்ர மனிசியும் பிள்ளையும் இருக்கினம்."

லொறிகள் இரைந்துகொண்டு போயின. கடைசியில் தாடிக்காரர் இறங்கி, பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியாக வெளியே வைக்கத் தொடங்கினார். "சரி. எவ்வளவு கொண்டுபோகலாமெண்டு நீயே சொல்லு," என்றார்.

அன்று பொழுது சாயும் முன்னரே பக்கத்தில் இருந்த கூடாரத் திடலில் தங்கிவிட்டோம். மிச்சப் போத்தல்களை அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் கொடுத்தோம். யாரோ வாட்டிய இறைச்சி கொண்டுவந்தார்கள், யாரோ ரொட்டி. இனிக் காலைவரை கார் நகராது என்றான பிறகு, அந்தக் கொத்தமல்லி பியரில் அரைக் கிளாஸ் நானும் வாங்கினேன். மெல்லிய புளிப்பு, தோடம்பழத் தோலின் கசப்பு, கடைசியில் தொண்டையில் வீட்டு வாசம். அவசரப்படாமல் குடித்தேன்.

மறுநாள் நினைத்தது போலவே நடந்தது. எல்லையில் மறித்து, என் பயணப் பத்திரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கூடாரத்தை உதறினார்கள், உதிரிச் சில்லைக்கூடக் கழற்றினார்கள். அளவுக்கு மேலே ஒரு போத்தல் இல்லை. அதிகாரி போகச் சொன்னதும், நான் தொடமுன்னர் தாடிக்காரரே சாமான்களை எல்லாம் ஏற்றினார். முகம் வெளிறியிருந்தது. ஏறி உட்கார்ந்து, என் தோளில் கைவைத்து, "ஓட்டு," என்றார்.

அதற்குப் பிறகும் காத்திருப்பு முடியவில்லை. ஆனால் முடிந்தது ஒருநாள். மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அதன் பின் எத்தனையோ வருடம் டேனிஷ் படித்தேன், மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த மொழியில் நான் சொன்ன மிகத் தெளிவான வசனம், தெருவோரத்தில் திறப்பைப் பொத்திக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சொன்ன அந்த ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.