நெல்மூட்டைக் கயிறும் கார் ஸ்பிரிங்கும்

என் கணவர் அழகுக்காகக் குட்டையான ஸ்பிரிங் போட்டு எங்கள் காரின் உயரத்தைக் குறைத்தார். விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் குழிகளில் அதன் அடி உரசியது. கொஞ்சம் உயர்த்த ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர் வளையம் வைக்கவேண்டும் என்று, முற்றத்தில் வைத்து ஸ்பிரிங்கை ஷொக் அப்சோபரோடு கழற்றி எடுத்தார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி எங்களிடம் இல்லை. உழவு மெசின் பெட்டியில் நெல்மூட்டை ஏற்றிக் கட்டும் கயிற்றால் அதை வரிந்து கட்டினார்.

“கராஜுக்குக் கொண்டுபோங்கோவன்” என்றேன்.

“மூட்டையெல்லாம் தாங்கின கயிறப்பா இது. இந்த ஸ்பிரிங்கைத் தாங்காதே?” என்றபடி ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருந்த மேல் நட்டைக் கழற்றினார்.

அவருக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியை நிலத்தில் வைக்கக் குனிந்தேன். வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த கயிறு அவர் கன்னத்தைக் கிழித்தது. ஸ்பிரிங் என் தலைக்கு மேலால் பறந்து, வேலித் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வளவுச் சேவலின் மேல் விழுந்தது. அது துடிக்கக்கூட இல்லை.

இரத்தம் வழிய நின்றவர், “நல்ல காலம், உனக்குப் படேல்ல” என்றார்.

“நல்ல காலமில்லை, தேத்தண்ணி!” என்று கத்தினேன்.

தகரத்து ஓட்டையை அடைக்க அவரை நான் விடவில்லை. அவர் காரடியில் நட்டுக் கழற்றக் குந்தினால், போய் அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்பேன். அது சரியாக என் முக உயரத்தில் இருக்கிறது.