மாட்டுக்கண் மாமி

"மாட்டுக்கண் மாமி மேடைக்கு வருக" எண்டு நான் மைக்கில சொன்னதும் லண்டன் ஹரோ மண்டபத்தில கரண்டிச் சத்தமும் நிண்டுட்டுது. மாப்பிள்ளையின்ரை அம்மா பாதிப் படியில நிண்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. கலியாண அறிவிப்பாளருக்கு வாய்தான் வேலை, அந்த வேலைக்கு உலை வைக்கிறதும் அதுதான்.

மாடு வந்த வழி

யூனியில நான் படிக்கிறது பழைய கிரேக்கக் காவியம். அதில தேவர்களின்ரை ராணியையே மாட்டுக்கண்ணுக்காரி எண்டுதான் புகழுவினம். ஒருக்கா அடைமொழி குடுத்தால் கழட்டவே மாட்டினம். வேகமா ஓடுற வீரன் கதிரையில குந்தியிருந்தாலும் வேகக்காலன்தான். பிறகு வந்த பகிடிக்காரர் சும்மா விடுவினமே? அதே வீரச் சந்தத்தில பொரிச்ச மீனையும் பெருந்தீனிக்காரரையும் பாடித் தள்ளிச்சினம். எனக்கு அந்தப் பகிடியில பைத்தியம்.

எங்கட மேடையும் லேசுப்பட்டதில்லை. நோர்பரியில ஒரு கடை இருந்தால் 'பிரபல தொழிலதிபர்'. கடையைப் பூட்டின பிறகும் அவர் பிரபல தொழிலதிபர்தான். மாமிக்கு மட்டும் புதுசா ஒண்டு குடுப்பம் எண்டு பார்த்தன். எனக்கு இந்த வேலை தந்த சுதா அக்கா பின்னால வந்து காதுக்குள்ள சொன்னா: "இன்னொரு பகிடி விட்டியெண்டால் மைக்கைத் தந்திட்டு வீட்டை போ."

வெள்ளை வான்

மைக் போனால் சனிக்கிழமையில திரும்பவும் சூப்பர்மார்க்கட்டில தட்டு தட்டா சாமான் அடுக்கவேணும். வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன். அந்த நேரம் பார்த்து ஒரு வான் சாப்பாடு வாற வாசலை மறிச்சிட்டுது. நம்பர் பிளேட்டை மட்டும் வாசிச்சு, வானை எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஏலாமப் போச்சு. "அலை பிளந்த கப்பல் போல சோத்து வாசலில் நங்கூரமிட்ட வெண்முதுகு வானே, உன் தலைவன் எங்கே?"

சனம் சிரிச்சுது. சுதா அக்கா சிரிக்கேல்லை, மைக்கைப் பறிச்சிட்டா. அதுக்குள்ள வான்காரர் வான் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தங்கச்சி, இன்னொருக்காச் சொல்லும், என்ரை மனுசி வெளியில நிண்டவ, கேக்கேல்லை."

ரெண்டு அம்மாமார்

பின்னாலயே மாமி. "பிள்ளை, என்ரை கண் மாட்டுக்கண்ணோ?" தேவராணி கதையைச் சொன்னன்.

"எல்லாருக்கும் மேலயோ?"

"ஓம் மாமி."

"சம்பந்திக்கு என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப சரி."

பக்கத்தில நிண்ட கலியாணப் பொம்பிளையின்ரை அம்மாவுக்கு இது கேட்டிட்டுது. நேரா சுதா அக்காவிட்டப் போனா. "அவவுக்கு மட்டும் மாடோ? அந்த மைக்கைப் பிள்ளையிட்டக் குடுங்கோ, எனக்கும் ஏதாவது மிருகம் சொல்லட்டும்."

மைக் திரும்பி வந்துட்டுது, யூனிப் பட்டம்தான் இன்னும் கைக்கு வரேல்லை, ஆனா ஹரோ முழுக்க எனக்கு 'மாட்டுக்கண்' எண்டு பட்டம் வைச்சாச்சு.